நேரியோவின் முகமும் பதினான்கு மாடிக் கண்ணாடியும்

மலைமேல் இருக்கிற கித்தோ நகரின் வடக்குப் பகுதியில் பத்து மாடிக்கு மேல் நிற்கிற கண்ணாடிக் கட்டடங்களில் பாதியை நான் கழுவியிருக்கிறேன். மீதிப் பாதியை என்னிடம் வேலை பழகிப் பிரிந்து போனவர்கள் கழுவுகிறார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எல்லாரும் எழுதுவார்கள். நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். மூன்றாம் வகுப்போடு படிப்பை முடித்தவன். பதின்மூன்று வயதில் உருளைக்கிழங்கு லாரியில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து மலையிறங்கி வந்து, சான் ரோக்கே சந்தையில் சுமை தூக்கினேன். இருபது வயதில் கயிற்றில் ஏறினேன். இன்றைக்கு எட்டுக் கயிறு, ஒரு வேன், மூன்று ஆட்கள். லிசார்தோ தோவாபந்தா என்று சொன்னால் கட்டட நிர்வாகிகள் நாற்காலி இழுத்துப் போடுவார்கள்.

என் கயிற்றிலிருந்து ஒருவன்கூட ஆஸ்பத்திரிக்குப் போனதில்லை. அப்படி ஒரு முதல் ஆளாக நேரியோ பிராச்சோ ஆகியிருப்பான். அது விழுந்ததால் ஆகியிருக்காது. வெயிலால் ஆகியிருக்கும்.

நேரியோ வெனிசுவேலாக்காரன். மரகாய்போ ஏரிக்கரை. அங்கே எண்ணெய்த் தொட்டிகளுக்குப் பெயின்ட் அடித்தவன். உயரம் என்றால் அவனுக்கு வீட்டுத் திண்ணை மாதிரி. என்னிடம் வந்தபோது முப்பத்தெட்டு வயது. செம்பட்டை முடி, முகமெல்லாம் புள்ளி, பால் மாதிரி தோல். முதல் நாள் காலை எட்டு மணிக்கு, நாங்கள் எல்லாரும் கம்பளிச் சட்டையோடு நடுங்கிக்கொண்டிருக்க, அவன் பனியனோடு கயிற்றில் இறங்கினான்.

"கழுத்தை மூடிக்கோடா, வெயில் ஏறப்போவுது" என்றேன்.

"மேஸ்திரி, இதுக்குப் பேரு வெயிலா? எங்க ஊர்ல ஃப்ரிட்ஜத் தெறந்தாக்கூட இதைவிட அனல் அடிக்கும்!"

என்னிடம் பதினைந்து வருஷமாக இருக்கிற கிளேவர் பக்கத்துக் கயிற்றிலிருந்து கத்தினான். "சாயங்காலம் போய் கண்ணாடியில மூஞ்சியப் பாரு. அப்புறம் பேசு."

"குளிர்ல எவனுக்குடா தோல் வேகும்?"

ஏரிக்கரைக்காரர்கள் எல்லாருக்கும் இந்தப் புத்திதான். அவர்களுக்கு வெயில் என்றால் வேர்வை. வேர்க்கவில்லையென்றால் வெயில் இல்லை. கித்தோவில் காற்று குளிரும், கை விறைக்கும், அதே நேரத்தில் தலைக்கு நேரே நிற்கிற சூரியன் தோலை உரித்து எடுக்கும். எங்களுக்கோ அது இரட்டை. எதிர்க் கட்டடத்துக் கண்ணாடி அங்கே விழுகிற வெயிலையும் வாங்கி நம் முகத்தில் வீசும். அன்று சாயங்காலமே கிளேவர் அவனுக்குத் 'தக்காளி' என்று பெயர் வைத்துவிட்டான். அந்தத் தக்காளி உரிந்தது, மறுபடி பழுத்தது, மறுபடி உரிந்தது. மூன்று வருஷம் இப்படியே போயிற்று. நான் தொப்பி கொடுத்தால் ஹெல்மெட்டுக்கு அடியில் நிற்கவில்லை என்று பையில் திணித்துவிடுவான்.

போன வருஷம் ஆகஸ்டில் அவன் மனைவி யுஸ்லெய்டி என் வேனை வழிமறித்தாள். நகத்துக்குச் சாயம் பூசுகிற கடையில் வேலை செய்கிறவள். சின்ன உருவம், பெரிய குரல்.

"மேஸ்திரி, உங்க ஆளு மூக்கு ஓரத்துல ஒண்ணு இருக்கு, பாத்தீங்களா?"

"கொசு கடிச்சிருக்கும்."

"நாலு மாசமாவா ஒரே கொசு கடிக்குது? துண்டால மூஞ்சி தொடச்சா ரத்தம் வருது. நான் சொன்னா, 'பொம்பளைங்களுக்கு எல்லாம் பயம்'ங்கறாரு. நீங்க சொன்னாத்தான் காதுல ஏறும்."

நான் சொன்னேன். என் பாணியில், வேனில் பிடித்து ஏற்றிச் சொன்னேன். சுகாதார நிலையத்து டாக்டர் சின்னப் பெண். விளக்கை வைத்து, பூதக்கண்ணாடி வைத்து, அரிசி மணி அளவு இருந்த அந்தச் சொரசொரப்பை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது இன்னும் புற்றுநோய் ஆகல. விட்டா ஆகலாம். இன்னைக்கே உறைய வெச்சு எடுத்துடறேன். அதோட முடியாது. இதே மாதிரி வெயில்ல நின்னீங்கன்னா இன்னொண்ணு வரும். அப்போ மூக்குல கத்தி வெக்கணும்."

"தொங்கறதுதாங்க என் பொழப்பு" என்றான் நேரியோ. முதல் தடவையாக அவன் குரல் இறங்கியிருந்தது.

"அப்போ வெயில் கிரீம் போட்டுட்டுத் தொங்குங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. மறந்துட்டேன், தீந்துபோச்சுன்னு எல்லாம் சொல்லக்கூடாது. முடியாதுன்னா கூரைக்குக் கீழ உக்கார்ற வேலையாப் பாத்துக்கோங்க."

கூரைக்குக் கீழ் வேலை. அவன் விசா முடிந்து பதினோரு மாதம். காகிதம் இல்லாதவனுக்குக் காவலாளி வேலைகூட இந்த ஊரில் யார் கொடுப்பார்கள்? இரண்டு பேர் வயிறும், மரகாய்போவில் இருக்கிற அவன் அம்மாவின் மாத்திரையும் என் கயிற்றில்தான் தொங்கின. அவனுக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும்.

திரும்பும்போது பஸ்ஸில் விற்றவனிடம் மூன்று டாலருக்கு ஒரு பாட்டில் வாங்கினான். தேங்காய் வாசனை. விரலில் எடுத்தால் சமையல் எண்ணெய் மாதிரி வழிந்தது. "மலிவு, மணமும் நல்லா இருக்கு" என்று அவனே சான்றிதழ் கொடுத்துக்கொண்டான்.

இரண்டு நாள் கழித்து ஓல்கா அர்தேத்தா நிர்வாகம் பார்க்கிற கட்டடத்தில் இறங்கினோம். பதினான்கு மாடி, நான்கு பக்கமும் கண்ணாடி. வருஷத்தில் ஆறு மாதம் எனக்கு அங்கேதான் வேலை. அந்தக் கட்டடம் போனால் என் மூன்று ஆட்களில் ஒருவனுக்குச் சம்பளம் இல்லை.

நான் மொட்டை மாடியில் கயிறுகளைக் கவனித்துக்கொண்டிருந்தேன். பத்தே முக்காலுக்கு வாக்கி டாக்கி கரகரத்தது.

"மேஸ்திரி."

"சொல்லு."

"கண்ணு தெரியல."

எட்டிப் பார்த்தேன். பதினோராம் மாடியில் தொங்கிக்கொண்டிருந்தான். வேர்வையில் கரைந்து அந்த எண்ணெய் இரண்டு கண்ணிலும் இறங்கியிருக்கிறது. எங்கள் இடுப்பில் கயிற்றைப் பிடிக்கிற இரும்பு ஒன்று உண்டு. அதன் பிடியை அழுத்தினால் இறங்கும், விட்டால் நிற்கும். சுலபம்தான். ஆனால் கண் எரிகிறவன், பயந்தவன், கைக்குக் கிடைத்ததை இறுக்கிப் பிடிப்பான். இவன் பிடியை இறுக்கினான். பிடித்த பிடியில் சரசரவென்று இறங்கினான். பத்து. ஒன்பது.

"கையை விடுடா! விடு! பிடியை விட்டாத்தான் நிப்ப!"

"விட்டா விழுந்துருவேன் மேஸ்திரி!"

"இந்த லிசார்தோ சொல்றேன், விடு!"

விட்டான். ஒன்பதாம் மாடியில் ஒரு குலுக்கலோடு நின்றான். காற்றில் ஒரு சுற்றுச் சுற்றினான். பிறகு கண்ணைத் துடைக்க வேறு வழியில்லாமல் முகத்தைக் கண்ணாடியில் வைத்துத் தேய்த்தான். கிளேவர் பக்கத்தில் இறங்கி, தண்ணீர் பாட்டிலால் கண்ணைக் கழுவி, அவனைத் தன்னோடு கோத்துக் கீழே கொண்டுபோனான். தரையில் கால் வைத்ததும் நேரியோ உட்கார்ந்துவிட்டான். நான் மேலே தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதை அன்று யாரும் பார்க்கவில்லை. இப்போது எழுதுகிறேன்.

பத்து நிமிஷத்தில் ஓல்கா அம்மையார் மேலே வந்துவிட்டார்.

"தோவாபந்தா, ஒன்பதாம் மாடியில மீட்டிங் நடக்குது. ஜன்னல்ல ஒரு மனுஷன் மூஞ்சி அப்படியே அச்சு விழுந்திருக்கு. நெத்தி, மூக்கு, வாய். உள்ள இருக்கறவங்க வேலையை விட்டுட்டுப் போட்டோ எடுக்கறாங்க."

"துடைச்சுடறோம் மேடம்."

"உங்க இன்னொரு ஆளு நாலு தடவ தொடச்சும் எண்ணெய் போகல. நல்லாக் கேட்டுக்கோங்க. அடுத்த வியாழக்கிழமை மதியம் வெளிநாட்டுலேர்ந்து ஆளுங்க வர்றாங்க. கிழக்குப் பக்கம் பன்னெண்டு மணிக்குள்ள பளபளன்னு இருக்கணும். அதுல ஒரு கறை இருந்துச்சுன்னா, அந்தச் செம்பட்டைத் தலை இனிமே என் கட்டடத்துல ஏறக்கூடாது."

"மேடம், காலையில கிழக்குப் பக்கம் வெயில் அடிக்கும். நாங்க நிழலைப் பாத்துத்தான் போவோம். சோப்பு காஞ்சு கோடு விழுந்துடும்."

"அது உங்க தொழில். நாற்பது வருஷ அனுபவம்னு சொல்வீங்களே."

கீழே போனேன். நேரியோ கண் வீங்கி வேனில் சாய்ந்திருந்தான்.

"கிரீம் இல்லாம உன்னைக் கயித்துல ஏத்த மாட்டேன். இந்தக் கிரீமோடயும் ஏத்த மாட்டேன். புதன்கிழமைக்குள்ள கண்ணு எரியாதது, கண்ணாடியில ஒட்டாதது, உன் கைக்குக் கட்டுப்படியாகறது ஒண்ணு கண்டுபிடி. கிடைக்கலேன்னா வியாழக்கிழமை வராத."

"வியாழன் மட்டுமா மேஸ்திரி, இல்ல அதுக்கப்புறமுமா?"

நான் திரும்பி மேலே போனேன். அவனுக்குப் புரிந்தது.

வெள்ளிக்கிழமையே யுஸ்லெய்டியும் அவனும் பெரிய மருந்துக்கடைக்குப் போனார்கள். முப்பத்திநான்கு டாலர், ஐம்பது மில்லி. கடைக்காரப் பெண் இரக்கப்பட்டு இரண்டு மாதிரிப் பொட்டலம் கொடுத்தாள். பூசினால் பூசியதே தெரியாதாம். "பணக்காரத் தோல் எப்படி இருக்கும்னு அரை நாள் தெரிஞ்சுக்கிட்டேன்" என்றான். டாக்டர் சொன்ன அளவுக்குப் பூசினால் அந்தக் குழாய் ஒரு வாரத்துக்கு வரும். அவனுடைய ஒரு வாரச் சம்பளத்தில் கால்வாசியை மூக்கில் பூச முடியுமா?

சனிக்கிழமை இப்பியாலெஸ் சந்தையில் அதே பேர் போட்ட குழாயை ஆறு டாலருக்கு வாங்கிவந்தான். நான் மூடியைத் திறந்து முகர்ந்தேன். கைக்குப் பூசுகிற சாதாரண லோஷன், பெட்டி மட்டும் புதுசு. என் மூக்கை ஏமாற்ற முடியாது. அதைக் குப்பையில் போட்டேன். ஆறு டாலர் போயிற்றே என்று அவன் குப்பையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளுக்கான கிரீம். அதைச் சோதிக்க அவனே ஒரு முறை வைத்திருந்தான். முகத்தில் பூசிக்கொண்டு அவன் குடியிருக்கிற கட்டடத்தின் ஆறு மாடிப் படியை ஐந்து தடவை ஏறி இறங்குவான். வேர்வை சொட்டச் சொட்ட வந்து, என் வேன் கண்ணாடியில் நெற்றியை அழுத்துவான். கண் எரியவில்லை. ஆனால் கண்ணாடியில் நெற்றி அப்படியே நின்றது. என் விரலால் தேய்த்தேன், பரவியது.

"இன்னும் ஒரு தடவ தேய்ங்க மேஸ்திரி."

"எத்தன தடவ தேய்ச்சாலும் இது வெண்ணெய்டா."

திங்கள் போயிற்று. செவ்வாய்க்கிழமை ராஜினாமா கொடுக்கிறவன் மாதிரித் தன் ஹெல்மெட்டைத் துடைத்து வேனில் வைத்தான். "யாராவது வந்தா குடுங்க. தலை அளவு நடுத்தரம்."

"வாயை மூடு. இன்னும் ஒரு நாள் இருக்கு."

புதன்கிழமை பன்னிரண்டு மணி வாக்கில் யுஸ்லெய்டி போன் செய்தாள். அவளிடம் நகச் சாயத்துக்கு வருகிற ஒரு பெண்ணுக்குப் பிறவியிலேயே தோல் நிறமில்லாத பிள்ளை. அப்படிப்பட்டவர்களுக்காக ஊரின் தெற்கே ஒரு அறக்கட்டளை மருந்தகம் இருக்கிறதாம். கிரீமை அவர்களே செய்கிறார்கள். வாசனை கிடையாது, மினுமினுப்புக் கிடையாது, கால் கிலோ டப்பா ஒன்பது டாலர்.

"அப்புறம் என்ன, போய் வாங்கச் சொல்லு!"

"ரெண்டு தடவ வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டாரு மேஸ்திரி. வாசல்ல சீருடை போட்ட காவலாளி நிக்கறானாம். அது இந்த ஊர்க்காரங்களுக்கு, நம்மகிட்ட அடையாள அட்டை கேப்பாங்க, இல்லேன்னா புடிச்சுக் குடுத்துருவாங்கங்கறாரு. இப்போ எதிர்ல பஸ் நிறுத்தத்துல உக்காந்திருக்காரு. மதியம் ரெண்டு மணிக்குச் சாத்திடுவாங்க."

வேனைத் திருப்பினேன். நான் போய்ச் சேர்ந்தபோது ஒன்றரை. நேரியோ பஸ் நிறுத்தத்தில், பையைக் கட்டிக்கொண்டு, எந்தப் பஸ்ஸிலும் ஏறாமல் உட்கார்ந்திருந்தான்.

"எந்திரிடா."

"மேஸ்திரி, கேட்டாங்கன்னா..."

"கேட்டா நான் பேசிக்கறேன். இந்த ஊர்ல எனக்குத் தெரியாத ஆளா?"

அங்கே எனக்குத் தெரிந்த ஆள் ஒருவரும் இல்லை. இருந்தாலும் நேராகப் போய் மருந்து கொடுக்கிற ஜன்னலில் நின்று சொன்னேன். "அம்மா, நான் லிசார்தோ தோவாபந்தா. வடக்குல இருக்கற பெரிய கட்டடமெல்லாம்..."

உள்ளே கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் என்னைத் தாண்டிப் பார்த்தாள். "கிரீம் யாருக்கு?"

"இவனுக்கு."

"அப்போ நீங்க நகருங்க, அவரு வரட்டும்."

நேரியோ முன்னால் வந்தான். கையைப் பைக்குள் விட்டுக் காலாவதியான பாஸ்போர்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான். அந்த விரல் மூட்டுகள் வெளுத்திருந்ததை நான் பார்த்தேன்.

"ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம் வெயில்ல நிப்பீங்க?"

"எட்டு."

"நிக்கறதா, நடக்கறதா?"

"தொங்கறதுங்க."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ எழுதினாள். "ஒரு டப்பா உங்களுக்கு ஒரு மாசத்துக்குத்தான் வரும். ரெண்டு எடுத்துக்கோங்க. பூசினதும் பத்து நிமிஷம் காயவிடணும். காயற வரைக்கும் கையெல்லாம் வழவழன்னு ஒட்டியிருக்கும், சோப்புப் போட்டாத்தான் போகும். அடுத்து யாரு?"

அவ்வளவுதான். வேறெதுவும் கேட்கவில்லை. வெளியே வந்து நேரியோ சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு என் பக்கம் திரும்பாமல் மூக்கைச் சிந்தினான்.

மாலை நான்கு மணிக்குப் படிகளில் ஏறி இறங்கினான். ஐந்து தடவை. வேன் கண்ணாடியில் நெற்றியை வைத்தான், எடுத்தான். குனிந்து, ஓரத்திலிருந்து, வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தேன். நாற்பத்தேழு வருஷம் கண்ணாடி பார்த்த கண். வேர்வைத் துளி மட்டும்தான். கண்ணாடி வழிக்கிற ரப்பர் வைப்பரை ஒரு இழு இழுத்ததும் போயிற்று. ஒரே குறை, முகம் வெளுத்துத் தெரிந்தது.

"என்னடா இது, தக்காளிக்குச் சுண்ணாம்பு அடிச்சிருக்கு?" என்றான் கிளேவர்.

"அடிச்ச சுண்ணாம்பு கண்ணுல எறங்கலடா. அது போதும்" என்றான் நேரியோ.

வியாழக்கிழமை. ஏழே முக்காலுக்கே கிழக்குப் பக்கம் முழுக்க வெயில். மேகம் ஒரு துண்டு இல்லை. வழக்கத்துக்கு மாறாக ஒவ்வொரு சன்னலாகச் சோப்புப் போட்டு உடனே வைப்பர் இழுக்கச் சொன்னேன். எட்டு மணிக்கு நேரியோ பூசிக்கொண்டு, காயவிட்டு, கையைச் சோப்பால் கழுவிக்கொண்டு இறங்கினான். முதல் இறக்கம் நன்றாக முடிந்தது. இரண்டாவதும். மூன்றாவதில் பத்து மணிக்கு ஒன்பதாம் மாடியில் நின்றான். அதே ஒன்பதாம் மாடி. எதிரே சன்னல் முழுக்கச் சோப்பு நுரை. வைப்பர் இடுப்பில் தொங்குகிறது. கையில் வைப்பர் இல்லை.

"கண்ணு எரியுதா?" என்றேன் வாக்கி டாக்கியில்.

"இல்ல. ரெண்டு மணி நேரம் ஆச்சு மேஸ்திரி. போன்ல மணி அடிச்சிருச்சு. பூசப்போறேன்."

"கீழ எறங்கிட்டுப் பூசுடா!"

"எறங்க இன்னும் முக்கா மணி ஆகும். டாக்டரம்மா ரெண்டுன்னாங்க."

"சோப்பு காயுதுடா! கோடு விழுந்தா அந்தம்மா உன்னைத்தான் வெளிய அனுப்பும்!"

"தெரியும். கண்ணாடி அவங்களது மேஸ்திரி. மூஞ்சி என்னுது."

பக்கத்துக் கயிற்றிலிருந்து கிளேவர் என்னை நிமிர்ந்து பார்த்தான். என் ஆள் ஒருவனும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. பேசியிருந்தால் அன்றோடு கணக்கு முடித்திருப்பேன். எட்டிப் பார்த்தேன். இடுப்பில் கட்டிய டப்பாவைத் திறந்து, இரண்டு கையாலும் முகத்தில் பூசிக்கொண்டிருந்தான். மூக்கின் ஓரத்தில், உறைய வைத்து எடுத்த அந்த இடத்தில், ஒரு விரலால் தனியாக. அவசரமே படவில்லை. சன்னலின் மேல் ஓரத்தில் நுரை வெளுத்துப் பொரிய ஆரம்பித்திருந்தது. பூசி முடித்தாலும் அந்தக் கையோடு அவன் வைப்பரைத் தொட முடியாது, இரும்புப் பிடியையும் தொட முடியாது. வழுக்கும்.

ஆபத்துக்கென்று ஒரு கயிறு எப்போதும் தயாராகக் கட்டி வைத்திருப்பேன். அறுபத்தேழு வயதில், கயிற்றில் இறங்குவதை நிறுத்தி ஒன்றரை வருஷம் கழித்து, அதில் இறங்கினேன். ஒரு வாளித் தண்ணீர், ஒரு சோப்புத் துணி.

"மேஸ்திரி, நீங்க எதுக்கு..."

"பேசாத. பூசு."

சன்னலை மறுபடி நனைத்தேன். காய நேரம் கொடுக்காமல் நனைத்துக்கொண்டே இருந்தேன். காற்று என்னைத் தள்ளியது. அவன் டப்பா மூடியை மூட முடியாமல் தடுமாற, நான் வாங்கி மூடினேன். அவன் கையில் சோப்புத் தண்ணீர் ஊற்றினேன், விரல் விரலாகக் கழுவிக்கொண்டான். நான்கு நிமிஷம். பிறகு வைப்பரை எடுத்து மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. கோடு இல்லை. என் வாழ்க்கையில் அதைவிட நல்ல இழுப்பு நான் இழுத்திருக்கிறேன், இருந்தாலும் நல்ல இழுப்பு.

பதினொன்றே முக்காலுக்கு எல்லாரும் தரையில். கயிறுகளைச் சுற்றிக்கொண்டிருந்தோம். ஓல்கா அம்மையார் லிஃப்டிலிருந்து வேகமாக வந்தார்.

"ஒன்பதாம் மாடி. மறுபடியும்! வந்து பாருங்க."

உள்ளேயிருந்து பார்த்தோம். சன்னல் சுத்தம். இடது ஓரத்தில் மட்டும், சட்டத்தை ஒட்டி, ஒரு கட்டைவிரல். வெள்ளையாக, ரேகை ரேகையாக.

"இருபது நிமிஷத்துல ஆளுங்க வந்துடுவாங்க. நான் என்ன சொன்னேன்?"

நேரியோ தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கழுவிய கை. எப்படி என்று அவனுக்குப் புரியவில்லை. ஹெல்மெட் வாரைக் கழற்றினான்.

அந்த விரல் இருந்த பக்கத்தை நான் பார்த்தேன். அவன் கயிறு தொங்கிய பக்கம் வலது. இடது பக்கம் தொங்கியது நான். டப்பாவை மூடிய கையோடு காற்றுக்குச் சட்டத்தைப் பிடித்தது நான். வாயைத் திறக்கவில்லை என்றால் யாருக்கும் தெரியாது. நாற்பத்தேழு வருஷத்தில் லிசார்தோ கண்ணாடியில் விரல் வைத்தான் என்று யாரும் சொன்னதில்லை. கிளேவர் பின்னால் நின்றான். சொன்னால் சாயங்காலத்துக்குள் ஊரில் இருக்கிற கயிற்றுக்காரன் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும்.

நேரியோ ஹெல்மெட்டை என்னிடம் நீட்டினான்.

"தலையில மாட்டுடா" என்றேன். "மேடம், அது என் கை."

"நீங்களா?"

"நான்தான்."

"இவரைக் காப்பாத்தறதுக்காகச் சொல்றீங்க."

"நான் யாரையும் காப்பாத்த என் பேரைக் கெடுத்துக்க மாட்டேன். என் கைன்னா என் கை."

"நாற்பது வருஷம்னு சொல்வீங்களே, தோவாபந்தா."

"நாற்பத்தேழு."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் மேலே போனேன். கிளேவர் எனக்குப் பதில் போகிறேன் என்றான், அவனை ஒரு பார்வை பார்த்தேன், நகர்ந்துகொண்டான். கயிற்றில் கோத்துக்கொள்ளும்போது நேரியோ பின்னாலேயே வந்து டப்பாவைத் திறந்தான்.

"உச்சி வெயில் மேஸ்திரி. கழுத்துலயாவது."

"எனக்கு எதுக்குடா? என் தோலு மாட்டுத் தோலு."

"கையை நீட்டாதீங்க, நானே பூசி விடறேன். உங்க கையை நம்ப முடியாது."

மொட்டை மாடியில் கிளேவர் சிரித்த சிரிப்பு கீழே தெருவரைக்கும் கேட்டிருக்கும். நான் கழுத்தைக் காட்டினேன்.

ஒன்பதாம் மாடிக்கு இறங்கித் துடைத்தேன். இரண்டு தடவை தேய்க்க வேண்டியிருந்தது. கண்ணாடிக்கு உள்ளே ஓல்கா அம்மையார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வெளிச்சத்துக்கு இந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தார், அந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தார். பிறகு தலையசைத்துவிட்டுப் போனார். கட்டடம் என்னிடம்தான் இருக்கிறது. நேரியோவும் அதில் ஏறுகிறான். மூக்கில் இரண்டாவது இன்னும் வரவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தச் சின்ன டாக்டர் விளக்கை வைத்துத் தேடுகிறாள், அந்த அரை மணி நேரம் யுஸ்லெய்டி வெளியே எதுவும் பேசாமல் உட்கார்ந்திருப்பாள்.

இப்போது என் ஆட்கள் மூன்று பேரும் பூசுகிறார்கள். மணி அடித்ததும், புதிதாகச் சோப்புப் போடாமல், கயிற்றிலேயே நிற்பார்கள். கித்தோவில் வேறு எந்தக் கூட்டமும் இப்படி நிற்பதில்லை, விசாரித்துப் பாருங்கள். போன வாரம் ஓல்கா அம்மையார் மொட்டை மாடிக்குப் போன் செய்தார்.

"தோவாபந்தா, உங்க ஆளுங்க மூணு பேரும் ஏன் ஒரே நேரத்துல சும்மா தொங்கறாங்க?"

"மூஞ்சிக்குப் பூசறாங்க மேடம்."

"எவ்வளவு நேரம்?"

"நாலு நிமிஷம். காத்திருங்க" என்றேன்.